அடுத்த பதிப்பு வரட்டும்

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஜனங்களை, புதிய விண்டோஸ் வெளியான அன்றே அதை ஏற்றிவிட்டு மறுநாள் பிரிண்டர் ஓடவில்லை என்று பரிதவிப்பவர்கள் என்றும், அப்படி ஒன்று வெளியான செய்தியே காதில் விழாமல் சௌக்கியமாக இருப்பவர்கள் என்றும் இரண்டே வகுப்பாகப் பிரித்து முடித்துவிடுகிறவர்கள், செய்தியை எல்லோருக்கும் முன்னால் அறிந்துகொண்டு, அதன் குணதோஷங்களை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் அதைப் பற்றி உபந்நியாசமும் செய்துவிட்டு, தாம் மட்டும் அதன் பக்கம் போகாமலே காலத்தைக் கழிக்கும் ஒரு மகானுபாவரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அவர் பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கோப்புகளின் மேல் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிப் பழகிய கை, வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருக்குமா? பரிசீலிக்க வேறு கோப்பு இல்லாத குறையை அமெரிக்காவில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் கம்பெனி சில வருஷங்களுக்கு ஒரு தரம் தீர்த்துவைக்கிறது.

“புதுசுல கை வைக்கக் கூடாது சார். நாலு பேர் போட்டுப் பார்த்து, அவஸ்தைப்பட்டு, அதையெல்லாம் அவன் சரி பண்ணட்டும். அடுத்த பதிப்பு வரட்டும், பார்க்கலாம்” என்பது நம்மவருடைய மகாவாக்கியம். இதை வெறும் பயந்தாங்கொள்ளித்தனம் என்று தள்ளிவிட முடியாதபடி, சரித்திரம் பல சமயம் அவருக்கே சாட்சி சொல்லியிருப்பதுதான் சங்கடம். 2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தபோது, தொட்டதற்கெல்லாம் ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்டு அது மனிதர்களைப் படுத்திய பாட்டையும், நேற்று வரை ஓடிய ஸ்கேனர்களும் பிரிண்டர்களும் டிரைவர் கிடைக்காமல் மூலையில் உட்கார்ந்ததையும், அவர் 2001-ல் பிறந்த எக்ஸ்பியின் நிழலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். அந்த எக்ஸ்பியைக்கூட அவர் மனமுவந்து ஏற்றது, விஸ்டா வரப்போவது நிச்சயமான பிற்பாடுதான். ஒரு பதிப்பு பழசாகிவிட்டது என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட பிறகல்லவா அது பக்குவமாகிவிட்டது என்று அவருக்குத் திருப்தி ஏற்படும்!

2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, அவருடைய கீர்த்தியைச் சிகரத்தில் கொண்டுபோய் வைத்தது. தொடுதிரைக்கென்று வண்ண வண்ணக் கட்டங்களாகப் போட்டு நிரப்பிய உற்சாகத்தில், பதினேழு வருஷமாக இடது கைப்பக்க மூலையிலேயே இருந்து வந்த ஸ்டார்ட் பட்டனை அந்தப் பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். மெஷினை அணைப்பது எப்படி என்று படித்தவர்களே தவித்தார்கள். மறு வருஷம் 8.1 என்று ஒன்று வெளியிட்டு, பட்டனைப் பழைய மூலையிலேயே கொண்டுவந்து வைத்தபோது, அந்த வெற்றியில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்மவர் மனப்பூர்வமாக நம்பினார். வாங்காமல் இருப்பதும் ஒரு தேச சேவை அல்லவா? எக்ஸ்பி நல்லது, விஸ்டா கெட்டது, 7 நல்லது, 8 கெட்டது, ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றுதான் உருப்படும் என்று ஒரு சித்தாந்தமும் அவர் ஸ்தாபித்திருந்தார். கம்பெனிக்காரர்களோ 9 என்ற எண்ணையே விட்டுவிட்டு நேரே 10-க்குத் தாவிவிட்டார்கள். அதை வரிசைப்படி ஒன்பதாவதாகக் கொண்டு நல்லதில் சேர்ப்பதா, பெயர்ப்படி பத்தாவதாகக் கொண்டு கெட்டதில் தள்ளுவதா என்ற தர்க்கத்திலேயே சில மாதங்கள் இன்பமாகக் கழிந்தன.

அந்தப் பத்தை 2015 ஜூலை 29 முதல் ஒரு வருஷத்துக்கு இலவசமாகவே தந்தார்கள். “சும்மா குடுக்கறான்னா அதுல என்னமோ இருக்கு” என்று அவர் கதவைச் சாத்தினார். வருஷம் முடிந்து சலுகை நின்றதும், “நிதானமா யோசிக்கறவனுக்கு அவகாசம் தர வேண்டாமா? இது என்ன நியாயம்?” என்று அதே வாயால் கேட்டார். 2016-ல் வாங்கிய மெஷினில்கூட, கடைக்காரர் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், 7-ஐத்தான் போடச் சொன்னார். 2020 ஜனவரி 14-ஆம் தேதி 7-க்கும் ஆதரவு நின்றது. விடுமுறைக்கு வந்த பேரன், தாத்தா மத்தியானம் கண்ணயர்ந்த சமயம் பார்த்து 10-ஐ ஏற்றினான். பழைய 7-இன் சாவி எண்ணையே அது பேசாமல் ஏற்றுக்கொண்டது. பொறுத்தவருக்கு இலவசம் போய்விடவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேறு என்ன வேண்டும்?

இந்த இடத்தில், பார்வைக்கு நம்மவரின் சகோதரர் போலவே தோன்றும் வேறொருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அநியாயம் செய்தவனாவேன். திருவல்லிக்கேணிச் சந்துகளிலும் சிவகாசியிலும், கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீஸும் அச்சடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடைக்காரர்களில் சிலர் இன்னும் எக்ஸ்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் பேஜ்மேக்கருக்கு 2001-ல் ஏழாம் பதிப்பு வந்தது. எட்டாம் பதிப்பு வரவேயில்லை. அவர்களுடைய தமிழ் எழுத்துருக்களோ, யூனிகோட் பரவுவதற்கு முந்திய காலத்தில், ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கில எழுத்துகளின் ஸ்தானத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார்த்திச் செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் கோப்பைத் திறந்தால் ‘ஸ்ரீராமஜயம்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் இளித்துக்கொண்டு நிற்கும். தமிழ்நாட்டு அரசாங்கம் 2010-ல் யூனிகோடை அங்கீகரித்தது உண்மைதான். ஆனால் அந்த உத்தரவு, இருபது வருஷத்துக் கோப்புகளைத் தானாக மாற்றிக் கொடுத்துவிடவில்லை. போதாக்குறைக்கு, மெஷினின் முதுகில் ‘லாக்’ என்று ஒரு கட்டை செருகியிருந்தால்தான் சில எழுத்துருக்கள் ஓடும். அந்தக் கட்டையைச் செருகும் துளையே இப்போது வரும் மெஷின்களில் கிடையாது. ஆகவே அவர் அந்த மெஷினை இன்டர்நெட்டின் காற்றுப் படாமல் தனியே வைத்து, ஆயுத பூஜைக்குப் பொட்டிட்டுப் பாதுகாக்கிறார். அவருடையது நிர்ப்பந்தம், நம்மவருடையது ருசி. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பரிகாசம் செய்பவர்கள் தொழிலின் கஷ்டம் தெரியாதவர்கள்.

நம்மவரிடம் எனக்குள்ள ஒரே மனஸ்தாபம், அவர் பதிப்பை மாற்றுவதையும் பாதுகாப்பு அப்டேட் போடுவதையும் ஒரே தராசில் வைத்து இரண்டையும் ஒத்திப்போடுவதுதான். ‘ரீஸ்டார்ட் செய்யலாமா?’ என்று திரை பவ்யமாகக் கேட்கும்போதெல்லாம், ‘பிறகு’ என்பதை அழுத்துவதில் அவருக்குப் பழைய அதிகாரத்தின் வாசனை கொஞ்சம் அடிக்கிறது போலும். 2017 மார்ச்சில் விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ‘பிறகு’ என்றவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். மே மாதம், வான்னாக்ரை என்ற வைரஸ் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களைக்கூடத் தள்ளிப்போட நேர்ந்தது. ஆதரவு நின்று மூன்று வருஷமாகியிருந்த எக்ஸ்பிக்கும் கம்பெனி அவசரமாக ஓர் அப்டேட் தர வேண்டியதாயிற்று. இதை நான் அவரிடம் எடுத்துச் சொன்னபோது, “பார்த்தீங்களா, பழசையும் அவன் கைவிடலை!” என்று அவர் பெருமிதத்தோடு தலையசைத்தார். பாராயணம் செய்பவரிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா?

2021 அக்டோபர் 5-ஆம் தேதி விண்டோஸ் 11 வந்தது. உடனே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இடப் பக்கம் அநுகூலங்களையும் வலப் பக்கம் பிரதிகூலங்களையும் எழுதலானார். ஸ்டார்ட் பட்டனை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்பதற்கே வலப் பக்கத்தில் ஒரு முழுத் தாள் செலவாயிற்று. அதை மறுபடி இடது மூலைக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று தெரிந்தபோது, அந்த நல்ல செய்தியால் அவர் சற்று ஏமாற்றமடைந்ததாகவே எனக்குத் தோன்றியது. இப்படி நாலு வருஷம் நடந்தது. 2025 அக்டோபர் 14-இல் 10-க்கும் ஆதரவு நிற்கப்போகிறது என்று ஆனதும், ஒருநாள் சாயங்காலம் நண்பர்கள் கூடியிருக்கையில், “சரி, போட்டுடலாம்னு தீர்மானிச்சுட்டேன்” என்று கம்பீரமாகப் பிரகடனம் செய்தார். பேரன் பரிசோதனை புரோகிராமை ஓட்டினான்.

“தாத்தா, இந்த மெஷினுக்கு விண்டோஸ் 11 போட முடியாதாம்.”

“யார் சொன்னா?”

“அதுவேதான் சொல்லுது.”

ரகசியச் சாவிகளைப் பத்திரப்படுத்தி வைக்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு மெஷினுக்குள்ளேயே இருந்தும் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அதைப் பையன் தேடிப் பிடித்து எழுப்பிவிட்டான். ஆனால் இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்பது விதி. நம்மவருடையதோ ஆறாம் தலைமுறை. பெண் பார்த்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று நாலு வருஷம் இழுத்தடித்த மாப்பிள்ளை வீட்டாருக்கு, பெண் வீட்டிலிருந்து ‘எங்களுக்கு இஷ்டமில்லை’ என்று பதில் வந்தால் எப்படி இருக்கும்! வேண்டாமென்று சொல்லும் பாத்தியதை தமக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தவர் துடித்துப்போனார். அன்றிலிருந்து விண்டோஸ் 11-க்கு அவரைப் போன்ற பக்தர் கிடையாது. வலப் பக்கத்தில் எழுதியவற்றையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அப்பேர்ப்பட்ட உத்தமமான சிஸ்டத்தை ஏழைபாழைகளுக்கு எட்டாமல் செய்துவிட்டார்களே என்று கண்டவர்களிடமெல்லாம் பிரலாபிக்கிறார். புது மெஷின் வாங்கலாமே என்றால், “இந்த வருஷ மாடலா? அடுத்த வருஷத்து மாடல் வரட்டும்” என்கிறார்.

நல்ல வேளையாக, வீட்டு உபயோகக்காரர்களுக்கென்று 10-க்கு இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாகக் கம்பெனி ஒரு வழி விட்டிருக்கிறது. பேரன் அதில் தாத்தாவின் பெயரைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறான். கெடு 2026 அக்டோபர் 13. அது வரை மாதந்தோறும் அப்டேட் வந்துகொண்டிருக்கும். அவரும் மாதந்தோறும் ‘பிறகு’ என்பதை அழுத்திக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக்குக் காபி சாப்பிடப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் டம்ளரை வைக்க உள்ளே போகும் சமயத்தில், தயவுசெய்து ‘இப்போதே ரீஸ்டார்ட்’ என்பதை அழுத்திவிட்டு வாருங்கள்.