அண்ணை செடி பார்க்கப் போகிறார்

சிட்னியில் மார்ச் பிறந்தால் இலையுதிர்காலம். ஏப்ரலுக்குள் வெயிலின் வீறாப்பு அடங்கிவிடும். மண்ணில் மட்டும் கோடைச் சூடு மிச்சமிருக்கும். செடி வேர் பிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்று நர்சரிக்காரர்கள் வாசலிலேயே பலகை எழுதி வைப்பார்கள். உள்ளே ஒரு பக்கம் சசான்குவா கமீலியாக்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் ரோஜாக்கள் குளிருக்கு முந்தைய கடைசிச் சுற்றில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, தள்ளுவண்டி எடுக்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இந்த ரகம் எல்லா நர்சரியிலும் உண்டு. வெள்ளைக்காரரில் உண்டு, சீனரில் உண்டு. எனக்கு வாய்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், எங்கள் வட்டாரத்துக்கே அண்ணை. துணித்தொப்பி, இடுப்பு உறையில் கிளை வெட்டும் கத்தரி, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பென்சில். பணப்பை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

மற்றவர்கள் நர்சரிக்குச் செடி வாங்க வருகிறார்கள். அண்ணை பெண் பார்க்க வருகிறார். நிதானமாக உட்கார்ந்து, குலம் கோத்திரம் விசாரித்து, பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாக அங்குள்ள காப்பிக்கடையில் ஜாம் தடவிய ஸ்கோன் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, “வீட்டிலை கலந்து பேசிப்போட்டுச் சொல்லுறன்” என்று எழுந்துவிடுவார். இதுவரை அமைந்த வரன் மிகக் குறைவு.

போன வருடம் என் வண்டியை மறித்தார்.

“உதென்ன தம்பி?”

“ரோஜா அண்ணை.”

“என்ன ரோசா?”

“மஞ்சள் ரோஜா.”

அண்ணையின் முகத்தில் ஒரு வலி ஓடி மறைந்தது. “நிறத்தைக் கேக்கேல்லை. பேரைக் கேட்டனான்.”

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். கிரஹாம் தாமஸ், 1983.

“எண்பத்து மூண்டு! உதெல்லாம் பழைய ரோசா மாதிரி வேஷம் கட்டி நிக்கிற ஆக்கள் தம்பி. டேவிட் ஒஸ்டின்ரை கெட்டித்தனம். கனக்க இதழ் இருக்கும், வாசம் இருக்கும், வருசம் முழுக்கப் பூக்கும். எல்லாம் சரி, குடும்பம் இருக்கோ?”

குடும்பம் என்றால் 1867. அந்த ஆண்டில்தான் பிரான்சின் லியோன் நகரத்துக் கியோ என்பவர் ‘லா ஃபிரான்ஸ்’ என்ற ரோஜாவைக் கொண்டுவந்தார். ஹைபிரிட் டீ என்னும் இன்றைய பூங்கொத்து ரோஜாக்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதற்கு முன்பே இருந்த குலங்களான காலிக்கா, டமாஸ்க், பூர்பன், சைனா எல்லாம் பழைய ரோஜா. இந்தக் கணக்கு அண்ணை போட்டதல்ல, ரோஜா உலகமே ஏற்றுக்கொண்டது. அண்ணை அதை வேதமாக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

வேதத்துக்கு விலக்குகளும் அவரே வைத்திருக்கிறார். ‘லொரெய்ன் லீ’ 1924-இல் வந்தது. அதை எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். “அது வேறை கதை. விக்ரோறியாவிலை அலிஸ்டர் கிளார்க் செய்தது. குளிருக்கையும் பூக்கும். அவர் எங்கடை ஆள்.” அலிஸ்டர் கிளார்க் 1949-இல் காலமானார். அண்ணை ஆஸ்திரேலியாவில் இறங்கியது 1987-இல். சொந்தம் எந்த வழியில் என்று நான் கேட்கவில்லை.

அதேபோல் ‘சுவெனீர் த லா மால்மேசொன்’. 1843. பார்க்க மகாராணி. மழை நாலு துளி பட்டால் மொட்டு விரியாமல் உருண்டையாகவே அழுகித் தொங்கும். மலிவுக் கடையில் வாங்கின ரோஜா இதைச் செய்தால் நோஞ்சான் என்பார். இதற்கு மட்டும், “நல்ல குடும்பத்துப் பிள்ளை, கொஞ்சம் செருக்கு இருக்குந்தானே.”

கமீலியாப் பக்கம் அவர் போக்கு வேறு. அங்கே ‘செட்சுகெக்கா’ என்ற வெள்ளை சசான்குவா, நெளிநெளியான இதழும் நடுவில் பொன்னிற மகரந்தக் கற்றையுமாக நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் கைப்பேசியை நீட்டுவார்கள். அண்ணை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். “சசான்குவா வேலிக்கு நல்லம். ஜப்போனிக்கா வரட்டும், ஜூனிலை பாப்பம்.” ஜூனில் ஜப்போனிக்கா வரும். “ரெற்றிகுலாற்றா வரட்டும், ஓகஸ்ற்றிலை பாப்பம்.”

ஆனால் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும்போது மட்டும் அவரிடம் குறை சொல்ல முடியாது. இடது உள்ளங்கையை மண்மேல் விரித்து, தண்டை இரண்டு விரலுக்கிடையில் வாங்கி, தொட்டியைத் தலைகீழாக்கி, மேசை விளிம்பில் விளிம்பை ஒருமுறை தட்டுவார். பிளாஸ்டிக் தொட்டி வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். ஒரு பிடி மண்கூடச் சிந்தாது. வேர் வெள்ளையாக வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும். பூதக்கண்ணாடி வெளியே வரும். “சுத்திப்போட்டுது. இதை முந்தியே பெரிய தொட்டிக்கு மாத்தியிருக்கவேணும்.” சொல்லிவிட்டு அப்படியே மறுபடி தொட்டிக்குள் இறக்கிவைப்பார். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் இதைப் பார்த்தபடியே தன் சப்பாத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பான்.

நர்சரிக்காரர்கள் அவரை விரட்டுவதில்லை. அங்கே யாருக்கும் விடை தெரியாத கேள்வி வந்தால் கை அண்ணை நிற்கும் திசையைக் காட்டும். சம்பளமில்லாத உத்தியோகம். ஒரு நாள் தமிழ் அம்மா ஒருவர் கமீலியாவில் தொங்கிய காய் ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தார். குட்டி ஆப்பிள் அளவு, பச்சையில் செம்மை ஓடியது. “சாப்பிடலாமா சார்?”

அது விதைக்காய். அண்ணை ஆரம்பித்தார். கமீலியா என்ற பெயர், மணிலாவில் ஊழியம் செய்து 1706-இல் இறந்த காமெல் என்ற ஏசுசபைத் துறவியின் நினைவாக லின்னேயஸ் வைத்தது. நாம் குடிக்கும் தேயிலையும் கமீலியாதான், கமீலியா சினென்சிஸ். நுவரெலியாவும் நீலகிரியும் ஒரே குடும்பத்தின் சொத்து. சிட்னிக்குப் பக்கத்துக் கேம்டன் பார்க்கில் 1831-இல் வந்திறங்கியவற்றில் ஒன்று இன்னும் உயிரோடு நிற்கிறது. கோர்டனில் எரில்டீன் என்ற வீட்டில் வாட்டர்ஹவுஸ் என்ற ஜெர்மன் மொழிப் பேராசிரியர் இந்தச் செடிக்கே தன் ஆயுளைக் கொடுத்தார். வேறொரு வகைக் கமீலியாவின் விதையைப் பிழிந்து சீனாவில் சமையலுக்கு எண்ணெய் எடுக்கிறார்கள்.

அந்த அம்மா கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். “எண்ணெயா? தலைக்குத் தேய்க்கலாமா?”

அண்ணை சற்றுத் தயங்கினார். “ஜப்பானிலை தேய்க்கினம்தான்,” என்றார், உண்மைக்குக் கட்டுப்பட்டு. அந்த அம்மா மூன்று செடி வாங்கிப்போனார்.

இவ்வளவும் தெரிந்த மனிதரின் வீட்டு முன்வாசலில் நிற்பது என்ன? ஐஸ்பெர்க். ஜெர்மனியின் கோர்டெஸ் 1958-இல் வெளியிட்ட வெள்ளை ரோஜா. சிட்னியில் தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கும். அண்ணையின் மனைவி, எங்கள் அக்கா, வாங்கி வைத்தது. உரமில்லை, மருந்தில்லை, குலமில்லை. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. அண்ணை அதைத் தாண்டும்போது எதிர்வீட்டைப் பார்த்தபடி நடப்பார்.

என் வண்டியை மறித்த அன்று மாலை புறப்படும்போது கழிவு விலை மேசையில் அண்ணை நின்றுவிட்டார். சீட்டுத் தொலைந்த ஒரு ரோஜா, இலையெல்லாம் கரும்புள்ளி நோயில் கொட்டி, மூன்று குச்சியாக நின்றது. 5 டாலர். அண்ணை தண்டை விரலால் நீவினார். கண்கள் விரிந்தன.

“தம்பி, முள்ளைக் காணேல்லை.”

“ஆமாம் அண்ணை.”

“கரும்புள்ளியும் பிடிச்சிருக்கு. செஃபிரின் துரூவன்! சந்தேகமே இல்லை. இவங்களுக்குத் தெரியேல்லை, அஞ்சு டொலருக்குப் போட்டிருக்கிறாங்கள்.”

“அது 1868 ஆயிற்றே அண்ணை? ஒரு வருடம் பிந்திவிட்டதே?”

“பூர்பன் குலம் அதுக்கு முதலே இருந்தது. குலந்தான் கணக்கு.” பணப்பை வெளியே வந்தது. கறுப்புத் தோல், ஓரம் தேய்ந்தது.

பின்முற்றத்தில் நல்ல இடமாகப் பார்த்து நட்டார். ஜூலையில் பார்த்துப் பார்த்துக் கத்தரித்தார். ஐப்பசிப் பக்கம், அதாவது இங்கே வசந்தத்தில், அக்காவிடமிருந்து எனக்குப் போன். போனேன். செடி நிறையப் பூ. செஃபிரின் அடர்ந்த இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். இது பால்வெள்ளை, கொத்துக் கொத்தாக.

“அண்ணை, இது முன்வாசலில் இருக்கிற...”

“பொறும் தம்பி.” அண்ணை பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. “செஃபிரினிலை கிளை மாறிப் பூக்கிறது நடந்திருக்கு. கதலீன் ஹரொப் எண்டு 1919-இலை வெளிர் ரோசா நிறத்திலை வந்தது. இது வெள்ளை. உலகத்திலை முதல் தரம். ஹெரிடேஜ் ரோஸஸ் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன்.”

அக்கா சுவாமிப் படத்துக்குப் பூப் பறிக்கத் தட்டோடு வந்தார். முன்வாசல் செடியில் பறித்தது பாதித் தட்டு இருந்தது. மீதிக்குப் பின்முற்றத்துச் செடியில் கை வைத்தார்.

“ஐயோ, அதிலை கை வையாதை!” என்று அண்ணை கத்தினார். “அது வேறை!”

அக்கா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.