கேத்தலுக்குப் பிடி போட்ட கதை

கியூபெக்கில் யூலை 1 என்றால் வீடு மாறும் நாள். மற்ற மாகாணங்களில் சனம் கனடாக் கொடியைப் பிடித்துக்கொண்டு திரிய, இங்கே குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கும். முந்தி மே மாதத்தில் முடிந்த வாடகை ஒப்பந்தங்களை, பிள்ளைகளின் படிப்புக் குழம்பக்கூடாது என்று, 1970களில் யூலைக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று மாலை எங்கள் மொன்ட்ரியால்-நோர் தெருக்களின் ஓரத்தில் ஒரு சந்தை விரியும். கடைக்காரர் இல்லை, விலையும் இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மெத்தை, சோபா பக்கம் நாங்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் மூன்று வருடங்களுக்கு முன் சார்லறுவா தெருவுக்குப் பின்னால், ஒரு குப்பைத்தொட்டியோடு சாய்ந்தபடி, மூன்று கால், இரண்டு சில்லு, கறுத்த பளபளப்போடு ஒரு கரி அடுப்பு நின்றது. இரும்பில் மூட்டைப்பூச்சி குடியிருக்காது. உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். சரி, பல்லைப் பார்க்க வேண்டாம். பிடியைப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் இந்த அடுப்புக்குக் கெற்றில் கிரில் என்று பெயர். அம்மாவின் காதில் அது கேத்தல் என்றுதான் விழுந்தது. "கேத்தலிலை ஆரும் இறைச்சி வாட்டுவினமோ? பிறகு தேத்தண்ணிக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டா. உண்மையில் அது கேத்தலும் இல்லை, கடலில் மிதக்கிற மிதவை. 1952இல் சிக்காகோவில் வெபர் சகோதரர்களின் உலோக வேலைத்தளத்தில் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர் வேலை செய்தார். மிதவைகளுக்காக இரும்பு அரைக்கோளங்களைப் பொருத்துகிற இடம் அது. வீட்டுத் திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் இறைச்சியைப் பழுதாக்குகிற கோபத்தில் இருந்த மனிதர், ஒரு பாதியை அடியில் வைத்து மறுபாதியை மூடியாக்கினார். மூன்று கால் பூட்டினார், மேலே ஒரு பிடி வைத்தார். பிற்காலத்தில் அயலவர்கள் அதை ஸ்புட்னிக் என்று கிண்டல் பண்ணினார்களாம்.

நான் உருட்டி வந்தது அந்த வம்சத்தில் பிறந்தது இல்லை. வேறெங்கோ, வேறு யாரோ, உருவத்தைப் பார்த்து வார்த்த நகல். பெயர்த்தகடும் கழன்று போயிருந்தது. அதனால் திட்டுவதற்குக்கூட ஒரு விலாசம் கிடையாது.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மெல்லிய தகரத்தைக் கவிழ்த்த 'ப' போல வளைத்து, இரண்டு போல்டால் நேரே மூடியோடு இறுக்கியிருந்தார்கள். தகரத்தின் முதுகில் ஒரு மரத்துண்டு. மேலே இருந்து பார்த்தால் அழகான மரப்பிடி. ஆனால் பிடி என்பது பார்க்கிற சாமான் இல்லையே. விரல்களைச் சுற்றிப் பிடித்தால் கீழே முழுவதும் தகரம். உள்ளங்கைக்கு மரம், விரல்களுக்கு நெருப்பு. இது போதாதென்று, புகை போகிற துவாரத்தைப் பிடிக்கு இரண்டு விரல் தூரத்தில் வெட்டியிருந்தார்கள். தகரம் சுடாமல் விட்டால் ஆவி சுடும். உள்ளே இருந்த நட்டுகள் இரண்டும் தளர்ந்து, பிடியும் மூடியும் கலியாண வீட்டுச் சம்பந்திமார் போல, ஒன்று இழுத்த பக்கம் மற்றது வராமல் நின்றன.

கரித்தணலின் சூடு 700 பாகை செல்சியசையும் தாண்டும். மூடிக்குள் இருக்கிற காற்றே 200, 250 என்று நிற்கும். எஃகு மரத்தைவிட நூறு மடங்குக்கும் கூடுதலாகச் சூட்டைக் கடத்தும். இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். படித்ததை விரல்கள் பரீட்சை எழுதித்தான் ஒத்துக்கொண்டன. முதல் கோடையில், ஈரத்துவாயை நாலாக மடித்துக்கொண்டு போனால் சுடாது என்று நம்பினேன். ஈரத்துணி உலர்ந்த துணியைவிட வேகமாகச் சூட்டைக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும், ஆவியாகவும் சேர்க்கும். மூடி புல்லில் விழுந்து, பூச்சு ஓரிடத்தில் சில்லாகப் பெயர்ந்தது. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, கோழி வெந்துட்டுதோ, இல்லாட்டி உங்கட கைதானோ?"

பக்கத்து வீட்டில் ஒரு ஹெயிட்டிக்காரப் பெரியவர் இருக்கிறார். மொன்ட்ரியால்-நோரில் பக்கத்து வீட்டில் ஹெயிட்டிக்காரர் இல்லாமல் வீடு கிடைப்பதே கஷ்டம். வேலிக்கு மேலால் என் அடுப்பைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருடைய ஊரில் கரியை 'ஷபோன்' என்பார்கள், கரியடுப்பை 'ரெஷோ' என்பார்கள். "எங்கள் ரெஷோவுக்கு மூடியும் இல்லை, பிடியும் இல்லை. அதனால் கையும் சுடுவதில்லை" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அதற்காக மூடியை எறிய முடியுமா?

திருத்தத்தான் வேண்டும், அதுவும் கெதியாக. கனடாவில் கோடை மூன்று மாதம் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒன்றரை மாதம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் கொடியேறினால் 25 நாளுக்கு இங்கே மச்சம் கிடையாது. பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் கொடி மேலே போக, மொன்ட்ரியாலில் அடுப்பு அணைந்துவிடும். தேர், தீர்த்தம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் மேப்பிள் இலை நிறம் மாறத் தொடங்கியிருக்கும்.

கேன்காய்ரி என்றால் பிரெஞ்சில் இரும்புக்கடை. அந்தச் சொல் வாயில் நுழைந்தால் நீங்களும் கடைக்குள் நுழையலாம். நட்டு, போல்ட், வாசர், மூன்றும்தான் எனக்கு வேண்டும். யாழ்ப்பாணத்தில் மூன்றையும் மூன்று செக்கனில் கேட்டுவிடலாம். நட்டுக்குப் பிரெஞ்சு தேடினால் 'நுவா' என்று வரும். அது சாப்பிடுகிற கொட்டை. அதைக் கேட்டு ஒருமுறை வெட்கப்பட்டதனால் இந்த முறை 'எக்ரூ' என்று சரியாகவே சொன்னேன். வாசருக்கு 'ரோந்தெல்'. இதையும் அகராதியில் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். கடைப் பொடியன் உற்சாகமாக என்னை நடத்திக்கொண்டு போனான். நாலு வரிசை தாண்டி, சைக்கிள் தாண்டி, மீன்தூண்டில் தாண்டி, ஒரு தட்டுக்கு முன்னால் நிறுத்தினான். தட்டு நிறைய ஐஸ் ஹொக்கி விளையாடுகிற கறுத்த ரப்பர் வட்டுகள்.

கியூபெக்கில் ரோந்தெல் என்றால் அதுவும்தானாம். என் நிறத்தையும் வயதையும் பார்த்து, மகனுக்கு வாங்க வந்த அப்பா என்று நினைத்திருப்பான். பிழை அகராதியில் இல்லை, ஊரில். நான் அந்த வட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சரியாக ஓர் அங்குலக் கனம். மூடிக்கும் பிடிக்கும் இடையில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் எப்படி இருக்கும் என்ற யோசனை அங்கேதான் வந்தது. ரப்பர் எரிகிற மணமும் கூடவே மூக்கில் வந்ததால், வட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். யோசனையை மட்டும் கொண்டுவந்தேன்.

இடைவெளி என்ற சொல்லோடு எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் ஸ்திரிக்கைப் பெட்டி. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது, பரணில் கறள்பிடித்துக் கிடந்த கரிப்பெட்டிகளெல்லாம் இறங்கி வந்தன. எங்களுடையது பித்தளை. முன்னால் மூடியைப் பூட்டுகிற கொளுக்கியின் தலையில் ஒரு குட்டிச் சேவல். சிரட்டைக்கரியைப் பற்றவைத்து வயிறு நிறையப் போட்டு, வாசலில் வைத்து விசிறி, பிறகு வெள்ளைச் சேட்டை அழுத்தினால் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் இருக்கிற நாட்டுப் பிள்ளை போல நிற்கலாம். மூடியிலிருந்து இரண்டு தூண் எழும்பும். நாலு விரல் உயரத்தில், தூண்களுக்குக் குறுக்கே, உருண்டை மரப்பிடி. முழு மரம், அடியில் தகரம் கிடையாது. பிடிக்குக் கீழே ஒரு வளைந்த தகடு, மேலே வருகிற சூட்டைப் பக்கத்துக்குத் திருப்பிவிட. சந்தியில் இருந்த லோன்றிக்காரர் காலை தொடங்கி விளக்கு வைக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். துவாயோடு அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அதுவும் கரி, இதுவும் கரி. அதுவும் மூடி, இதுவும் மூடி. சட்டைக்கு ஸ்திரிக்கை போடுகிற பெட்டிக்குத் தெரிந்த விசயம் இந்த அடுப்பைச் செய்தவருக்குத் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் கடைசிவரை அதில் சமைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்பதுதான் என் தீர்ப்பு.

பழைய போல்டைக் கழற்றுவதே அரை நாள் வேலை. தலையில் இருந்த குறுக்குக்குழி தேய்ந்து வட்டமாகியிருந்தது. இதைச் சொல்லும்போது கனடாவின் பெருமை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் திருகாணியின் தலையில் சதுரக்குழி இருக்கும். பி. எல். றொபேட்சன் என்ற விற்பனையாளர் மொன்ட்ரியால் தெருவொன்றில் சனத்துக்குத் திருப்புளி ஒன்றைக் காட்டி விளக்கும்போது அது வழுக்கிக் கையை வெட்டிவிட்டதாம். அந்தக் காயத்தோடு யோசித்து, 1908இல், வழுக்காத சதுரக்குழியைக் கண்டுபிடித்தார் என்பது கதை. கை புண்பட்டால் ஒருவர் உலகத்துக்கு ஒரு திருகாணி தருகிறார், இன்னொருவர் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறார். கடைசியில் எண்ணெய் விட்டும் அசையாமல், ஹெயிட்டிக்காரப் பெரியவரின் இரும்பு வாளால் அறுத்துத்தான் எடுத்தோம்.

அடுத்த சிக்கல் அளவு. என்னிடம் இருந்த போல்ட் 6 மில்லிமீற்றர், நட்டு கால் அங்குலம். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். இரண்டு சுற்று ஆசையாகச் சுற்றும், பிறகு கொழுவிக்கொண்டு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கனடா மெற்றிக்குக்கு மாறி ஐம்பது வருடம் ஆகிறது. இரும்புக்கடைக்கு மட்டும் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

தளராமல் இருக்க உள்ளே நைலோன் வளையம் வைத்த நட்டு ஒன்றைப் பொடியன் தந்தான். நைலோன் 120 பாகையோடு கையை விரித்துவிடும். எங்கள் மூடிக்கு அது போதாது. ஆகவே எவர்சில்வர் போல்ட், அதற்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நட்டு. எவர்சில்வர் சாதாரண எஃகைவிடக் குறைவாகச் சூட்டைக் கடத்தும், கறளும் பிடியாது. துத்தநாகம் பூசிய சாமான் மலிவுதான், ஆனால் தணலுக்குப் பக்கத்தில் அதன் புகை நல்லதில்லை என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

இனி அந்த ஓர் அங்குலம். வீடு முழுக்கத் தேடினேன். மனைவியின் தையல் பெட்டியில், அவளுடைய தாயார் ஊரிலிருந்து கொடுத்துவிட்ட, நூல் முடிந்துபோன மர நூல்கட்டைகள் இரண்டு கிடந்தன. நடுவில் ஓட்டை. கால் அங்குல போல்ட் அளவெடுத்தது போல உள்ளே இறங்கியது. உயரம் ஓர் அங்குலத்துக்கும் கொஞ்சம் கூட. யாரோ ஒரு தச்சன் எனக்காகவே கடைந்து, நூலைச் சுற்றி ஒளித்துவைத்தது போல.

"என்னப்பா செய்யிறியள்? அது அம்மான்ர கட்டை!"

"எறியேல்லை. பதவி உயர்வு குடுத்திருக்கிறன்."

முதல்நாள் கட்டையின் அடி மூடியில் பட்ட இடத்தில் கறுத்துப்போனது. மணமும் வந்தது. மாமியார் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நடுங்கி, கட்டைக்கும் மூடிக்கும் இடையில் மூன்று மூன்று வாசர் அடுக்கினேன். அதற்குள் காற்றுப் போய்வர இடம் கிடைத்தது, கறுப்பது நின்றது. கட்டைகளின் மேலே மூடிக்குச் சமாந்தரமாக ஒரு வளைந்த தகடு, பழைய பிஸ்கட் ரின்னில் வெட்டியது. அதற்கு மேல் மேப்பிள் மரத்தில் ஒரு உருண்டைப் பிடி. பிடி மரத்தில் குழி தோண்டி, போல்ட்டின் தலையை உள்ளே இறக்கிப் புதைத்தேன், விரலுக்கு எட்டாமல். நட்டை அளவாகத்தான் இறுக்க வேண்டும். கூட இறுக்கினால் மூடியின் பூச்சு வெடித்துப் பெயரும். இது என் விரல் வழியாக வந்த அறிவு இல்லை, நல்லகாலம், கண் வழியாக வந்தது. துவாரத்தின் இடத்தை மாற்ற முடியாது. எனவே பிடியைக் கால்வட்டம் திருப்பிப் புது ஓட்டை போட்டேன். இப்போது ஆவி என் பக்கம் வராமல் வேலிப் பக்கம் போகிறது. பெரியவர் மணத்தைக் குறை சொல்லவில்லை.

போன யூன் மாதக் கடைசி ஞாயிறு, அடுப்பு நல்லாய்க் கொழுந்துவிட்டு அடங்கிய பிறகு, கோழி உள்ளே கிடக்க, வெறுங்கையால் மூடியைப் பிடித்தேன். பிடித்தபடி நின்றேன். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் அம்மா இறங்கி வந்து, இரண்டு விரலால் தொட்டு, பிறகு முழுக்கையாலும் பிடித்து, மூடியை ஒருமுறை தூக்கி வைத்தா.

"இதென்ன, எங்கட ஸ்திரிக்கைப் பெட்டியெல்லே" என்றா. "சேவல்தான் இல்லை."

இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி. அடிச்சட்டியின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பிடி இருக்கிறது. அவையும் அதே தகரம், அதே மரத்துண்டு, அதே குணம். அவற்றுக்கு நாலு கட்டை வேண்டும். இப்போது விற்கிற நூலெல்லாம் பிளாஸ்டிக் கட்டையில் வருகிறது. உங்களில் யாருடைய வீட்டிலாவது, அம்மாவின் தையல் பெட்டியின் அடியில் மர நூல்கட்டை கிடந்தால், தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். நல்லூரில் கொடியேற முதல் கிடைத்தால் நல்லது.