பலூசிஸ்தான் நாயும் ஒரு பிரபுவும்

பாத், இங்கிலாந்து

அன்புள்ள அக்கா,

இங்கே மழை விட்டபாடில்லை.

ஒரு செய்தி. நான் காதல் நாவல் படிக்கிறேன். சிரிக்காதே, அத்தானிடமும் சொல்லாதே. கொலை, போர், நாடாளுமன்றம் மூன்றில் ஒன்றாவது இல்லாத புத்தகத்தை மச்சான் தொடமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா கொடுத்தது. ஜார்ஜெட் ஹேயர் 1965-இல் எழுதிய ‘ஃப்ரெடரிகா’. கதை ரீஜென்சி காலத்தில் நடக்கிறது. இங்கிலாந்து ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, 1811 முதல் 1820 வரை மகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட காலம். நாயகிக்கு வயது 24. அதற்குள் தன் கல்யாண வயது கடந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டு, அழகான தங்கைக்கு வரன் தேட லண்டன் வருகிறாள். உதவிக்குப் பிடிப்பது தூரத்துச் சொந்தமான ஒரு பிரபுவை. 37 வயது, ஏகப்பட்ட சொத்து, எதைப் பார்த்தாலும் கொட்டாவி.

அப்போது வரன் பார்க்கும் இடம் லண்டன் கிங் ஸ்ட்ரீட்டில் இருந்த ஆல்மாக்ஸ் என்ற நடன அரங்கு. பணம் இருந்தால் மட்டும் உள்ளே விடமாட்டார்கள். சில சீமாட்டிகள் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். வெலிங்டன் பிரபுவையே வாசலோடு திருப்பி அனுப்பினார்களாம். இத்தனை கெடுபிடிக்கும் உள்ளே கிடைப்பது ரொட்டியும் வெண்ணெயும் லெமனேடும்! நம் ஊரில் பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜி பஜ்ஜியாவது உண்டு.

அந்தக் காலத்தில் லண்டன் கிரீன் பார்க்கில் பசு கட்டிப் பால் கறந்து விற்பார்கள். நாயகி வீட்டு நாய் அந்தப் பசுக்களை விரட்டிவிடுகிறது. அவள் கூசாமல், நாய் அந்தப் பிரபுவுடையது என்கிறாள். அவரும் முகம் மாறாமல், இது அபூர்வமான பலூசிஸ்தான் வேட்டை நாய் என்று சாதிக்கிறார். நான் சிரித்த சத்தத்தில் உன் தம்பி மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 1819-இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய ஏழைகள் மேல் குதிரைப்படையை ஏவியதும் இதே காலத்தில்தான். ஹேயரின் பிரபுக்களுக்குக் கழுத்துத் துணியின் முடிச்சே பெருங்கவலை. ஓரத்தில் குறிப்பெழுதப் பென்சிலோடுதான் உட்கார்ந்தேன். நாய் வந்த பிறகு பென்சில் எங்கே போனதோ தெரியவில்லை.

பாட்டியம்மாவிடம் ஹேயர் இன்னும் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. பதிலுக்கு நானும் ஏதாவது கதை சொல்லியாக வேண்டும். உன் ரமணிசந்திரன் நாவல் கட்டிலிருந்து இரண்டை அடுத்த பார்சலில் வை. மாவடுவுக்குப் பக்கத்தில் வைக்காதே. கசிந்தால் கல்யாணம் நடந்ததா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும்.

அன்புத் தம்பி