கல்பாவிய சாலையும் எண்வகை மெய்ப்பாடும்: ஒரு நெய்தல் நில ஆய்வு

வடபிரான்ஸில் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தைப் பார்க்கும் செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டார ரசிகன் எந்த இடத்தில் 'ஐயோ' என்கிறான், எந்த இடத்தில் 'அடப்பாவி' என்கிறான் என்பது குறித்துத் தமிழாய்வுலகம் இதுகாறும் வாய் திறக்கவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. களம்: கொளவாய் ஏரிக் காற்று வரும் ஒரு வீட்டு ஹால். காலம்: 2025 ஏப்ரல் 13, ஞாயிறு. மறுநாள் சித்திரை ஒன்று ஆகலின் முறத்தில் வேப்பம்பூ காய்ந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. தரவை மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்டது.

பந்தயம் 1896-இல் தொடங்கியது. பெயரில் மட்டுமே பாரிஸ். 1977 முதல் கொம்பியேன் என்ற ஊரில் கிளம்புகிறது. ஏறக்குறைய 260 கி.மீ. தூரத்தில் 55 கி.மீ. போலக் கல் பாவிய வண்டிப்பாதை. முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் அந்தப் பக்கம் போன பத்திரிகைக்காரர்கள் சிதைந்து கிடந்த நிலத்தைப் பார்த்து 'வடக்கின் நரகம்' என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கற்களின் மேல் யாரும் தார் ஊற்றிவிடாமல் காக்க அங்கே ஒரு ரசிகர் சங்கமே இருக்கிறது. "கெட்ட ரோடு கெட்டபடியே இருக்கணும்னு சங்கமா? நம்ம ஊர்ல அது சங்கம் இல்லாமலே நடக்குதே" என்றார் சித்தப்பா. இக்கருத்து ஆய்வு நெறிக்குப் புறம்பானது எனினும் மறுப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இனித் திணை. கடலோரம் ஆகலின் நெய்தல். செங்கல்பட்டிலிருந்து கடல் முப்பது கிலோமீட்டர் தள்ளியன்றோ எனின், ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேர் மாமல்லபுரத்துச் சொந்தங்கள் ஆகலின் அமையும் என்க. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். பந்தயத்தின் கொடிய பகுதியான ஆரென்பெர்க் காட்டுப் பாதைக்குள் வீரர்கள் நுழையும்போது இங்கே மணி ஆறைத் தாண்டியிருக்கும், பொழுது சாயும் நேரம். 1968-இல் அந்தப் பாதையைப் பந்தயத்தில் சேர்க்கக் காரணமான ஜான் ஸ்டாப்ளின்ஸ்கி, இளமையில் அதன் அடியிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; பிறகு வீரராக மேலே மிதித்தவர். அவருக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் எற்பாட்டில் இரங்கல் வரும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார்.

இக்கட்டுரையின் துணிபு ஒன்றே: இக்கரை ரசிகனின் மெய்ப்பாடு வீரனைப் பற்றி எழுவதன்று, டயரைப் பற்றியே எழுவது. அஃதேல், வீரன் விழும்போது கத்துவது அவனுக்காக அன்றோ எனின், அன்று. முதன்முறையாக இந்தப் பந்தயத்துக்கு வந்த உலகச் சாம்பியன் டாடே பொகாச்சர், கோட்டுக்கு 38 கி.மீ. இருக்கையில் ஒரு வளைவில் வேகம் மிஞ்சி ஓரத் தடுப்பில் போய் விழுந்தார். ஹால் முழுக்க எழுந்து நின்றது. அப்பா கேட்டது: "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. அப்பா தலைமுறை மிதித்தது அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ்; டயர் இருபத்தெட்டுக்கு ஒன்றரை இஞ்ச். சுமார் நாற்பது மில்லிமீட்டர் அகலம். பந்தயச் சைக்கிள் டயரோ ஒரு காலத்தில் 25 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்து, கல்லில் அடி வாங்கி வாங்கி இப்போது 32-ஐத் தொட்டுத் தாண்டியிருக்கிறது. காற்றும் குறைத்தே அடிக்கிறார்கள். இதை அக்கா பையன் பெருமையாக விளக்கினான். ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆரில் கோவளம், திருவிடந்தை வழியாக மாமல்லபுரம் போய்ப் பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புகிறவன் அவன். அப்பா முடிவாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் வருஷம் விடு, பால்காரர் டயருக்கு வந்துடுவானுங்க." தொல்காப்பியர் பெருமிதத்துக்குச் சொன்ன நான்கு நிலைக்களன்களுள் கல்வி முதலாவது. அது அவ்விடத்தில் அப்பா முகத்தில் தெளிவாகக் காணப்பட்டது.

கல்பாவிய சாலை நம் பக்கம் இல்லையே எனின், பேவர் பிளாக் தெரு உண்டு. போட்ட புதிதில் அதில் எவருக்கும் குறையில்லை. பிறகு பைப் லைனுக்காகத் தோண்டுவார்கள். கற்களை ஓரமாகக் குவிப்பார்கள். மூடும்போது வரிசை மாறும், ஒன்று புடைக்கும், ஒன்று அமுங்கும், நாலு கல் மிச்சமாகி எவர் வீட்டுத் துளசி மாடத்துக்கோ போகும். அதில் கேஸ் சிலிண்டர் கட்டிய சைக்கிள் போவதைப் பார்த்தவனுக்கு ஆரென்பெர்க்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அழுகையின் நிலைக்களன்களுள் இழவு ஒன்று. 2023-இல் கார்ஃபூர் டெ லார்ப்ர என்ற கல்பாதையில், வெற்றிக்கு எட்டும் தூரத்தில், வவுட் வான் ஆர்ட்டுக்குப் பஞ்சர். பின்னால் இருந்த மாத்யூ வான் டெர் பூல் போயே போய்விட்டார். அன்று சித்தப்பா சோறு தொடவில்லை. 2025-இல் தனியாக முன்னால் போன அதே வான் டெர் பூலுக்கும் கடைசிக் கட்டத்தில் பஞ்சர். சைக்கிளை மாற்றிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தொடர்ந்து மூன்றாவது முறை. இது உவகையா எனின், சித்தப்பாவைப் பொறுத்தவரை வெகுளி: "அவனுக்கு மட்டும் பஞ்சர்ல கூட டைம் இருக்கு."

முறையான வெகுளி வேறு. வழியோரம் நின்ற ஒருவன் வான் டெர் பூல் முகத்தில் பாட்டிலை எறிந்தான். வெகுளிக்கு உரியவற்றுள் 'அலை' என்பது வைதலும் அடித்தலும் ஆதலால் இது சூத்திரத்துக்குள் அடங்கும். நகை, மருட்கை பற்றி விரிக்கப் புகின் பெருகும். அச்சத்துக்கு ஒன்று: அதன் நிலைக்களன்களுள் விலங்கு என்பதற்கு அக்கா பையன் கோவளத்து நாய்களைக் காட்டினான்; இறை என்பதற்கு, எட்டு மணிக்கு ரிமோட் கேட்டு வந்த அம்மாவை எல்லோரும் காட்டினர்.

வென்றவருக்குக் கொடுக்கும் கோப்பை, பீடத்தில் ஏற்றிய ஒரு சாலைக்கல். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் பெரியப்பா அதுவரை ஒரு மெய்ப்பாடும் காட்டாதவர், அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுக்கா இந்த அடி அடிச்சுக்கினானுங்க? பாலிஷ் கூடப் போடலையேப்பா."

"அதுதான் பெரியப்பா அதோட மதிப்பே" என்றேன்.

"ஒரு யானையாவது கொத்திக் குடுத்திருக்கலாம்" என்றார். எட்டில் இது எதில் சேரும் என்பது மேலாய்வுக்கு உரியது.