அரைப்புள்ளி மாமா

டெல்லி ஜனக்புரியில் ஏதாவதொரு பிளாக்கில், டி.டி.ஏ. ஃபிளாட்டின் இரண்டாம் மாடியில், ஓர் அரைப்புள்ளி மாமா கட்டாயம் இருப்பார். சாஸ்திரி பவனிலோ நிர்மாண் பவனிலோ காலமெல்லாம் ஃபைலில் நோட்டிங் எழுதி ரிடையர் ஆனவர். பென்ஷன் வருகிறது, பையன் அமெரிக்காவில் இருக்கிறான், பொழுதுதான் போகவில்லை. அதனால் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார். ஃபீஸ் கிடையாது. ஃபீஸ் அதிகம் என்று சொல்லி நிறுத்தவும் வழியில்லை.

பாடம் ஒன்றுதான்: செமிகோலன்.

"டேய், ரெண்டு பக்கமும் முழு வாக்கியம் நிக்கணும். முதல்ல நடுவுல ஃபுல்ஸ்டாப் வெச்சுப் பாரு. ரெண்டும் தனியா நின்னா, ஒண்ணுக்கொண்ணு உறவும் இருந்தா, செமிகோலன் வை. ஒண்ணு நொண்டினாலும் வைக்காதே."

லீவ் லெட்டரில் 'எனக்குக் காய்ச்சல்' என்பதையும் 'பள்ளிக்கு வர முடியவில்லை' என்பதையும் பிள்ளைகள் கமா போட்டு ஒட்டுவார்கள். மாமாவுக்கு அங்கேதான் காய்ச்சல் வரும். "கமாவுக்கு அவ்வளவு பலம் கிடையாதுடா!" என்று சிவப்பு மையால் வட்டம் போடுவார். ஒருநாள், செமிகோலன் சிக்னலில் எரியும் மஞ்சள் விளக்கு மாதிரி என்று விளக்கிப் பார்த்தார். பங்கா ரோடு டிராஃபிக்கில் வளர்ந்த பையன் உடனே புரிந்துகொண்டான்: "அப்ப இன்னும் வேகமாப் போகணுமா மாமா?"

குழந்தைகளுக்கு அந்தக் குறி தெரியாமலில்லை. பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டால் கண்ணடிக்கும் என்று தெரியும். சி மொழியில் வரி முடிவில் வைக்காவிட்டால் புரோகிராம் ஓடாது என்றும், பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை என்றும் தெரியும். பைத்தான் பெயரை எடுத்தாலே மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பிறகு 1496-இல் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் செமிகோலனை முதன்முதலில் அச்சடித்த கதை வரும். அங்கிருந்து ஓலைச்சுவடிக்குத் தாவி, ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காத நம் முன்னோர், அச்சில் தமிழ் உரைநடைக்கு நிறுத்தக்குறிகளைப் பழக்கிய ஆறுமுக நாவலர் என்று ஊர் சுற்றி வருவதற்குள், கூப்பிட்டுப்போக வந்த அம்மாக்கள் வாசலில் இரண்டு சீரியல்களை அலசி முடித்திருப்பார்கள்.

ஓரிடத்தில் மட்டும் மாமாவை அசைக்க முடியாது. என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகத்தின் முன்பக்கங்களைத் திறக்கச் சொல்வார். அங்கே அரசியல் சாசனத்தின் முகப்புரை இருக்கும். முழு வாக்கியங்கள் இல்லை, பட்டியல்தான்: நீதி, சுதந்திரம், சமத்துவம். நீதிக்குள்ளேயும் சுதந்திரத்துக்குள்ளேயும் கமாக்கள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் செமிகோலன். "எல்லாத்துக்கும் கமாவே போட்டிருந்தா, எது நீதியைச் சேர்ந்தது, எது சுதந்திரத்தைச் சேர்ந்ததுன்னு எப்படிடா தெரியும்?" என்பார். சுப்ரீம் கோர்ட் வக்கீல்கூட இதற்கு எதிர்வாதம் பேச முடியாது என்பது என் கட்சி.

ஆனாலும் இந்தக் காதலின் வேர் சாசனத்தில் இல்லை, செக்ரட்டேரியட்டில் இருக்கிறது. ஃபைலில் முடிவைச் சொன்னால் பொறுப்பு வந்து சேரும். சொல்லாவிட்டால் மெமோ வரும். இரண்டிலும் மாட்டாமல் வாக்கியத்தை நிறுத்தியும் நிறுத்தாமலும் மேலதிகாரியிடம் தள்ள, உலகத்தில் வேறு குறி இல்லை. மாமி "ராத்திரிக்கு உப்புமாவா, தோசையா?" என்று கேட்டால் இன்றைக்கும் பதில், "உப்புமா பண்ணலாம்; தோசையிலும் ஆட்சேபம் இல்லை" என்றுதான் வரும். மாமி அவரிடம் மேற்கொண்டு கேட்பதில்லை. ஃபுல்ஸ்டாப் வைப்பது அந்த வீட்டில் மாமியின் டிபார்ட்மெண்ட்.

உங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் தகராறு என்றால் தாராளமாக மாமாவிடம் அனுப்புங்கள். நன்றாகவே சொல்லிக் கொடுப்பார். ஆனால் 'இன்று வர மாட்டான், ஜுரம்' என்று வாட்ஸப்பில் மட்டும் தகவல் சொல்லிவிடாதீர்கள். திருத்தித் திருப்பி அனுப்புவார். அடுத்த வகுப்புக்கு உங்களையும் வரச் சொல்லுவார்.