கொளந்தைய இப்படிக் குடு அம்மணி

சத்தியமங்கலத்தில் தாளவாடி வண்டி ஏறுகிற பெண்ணுக்கு, இடுப்பில் கைக்குழந்தை இருந்தாலும், உட்கார இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. குழந்தைக்குக் கிடைத்துவிடும். முன்படிக்கு இரண்டு வரிசை தள்ளி, ஜன்னலோரத்தை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டு, நடைபாதைப் பக்கமாக ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவர், அறுபதை ஒப்புக்கொள்ளாதவர். மடியில் ஒயர்கூடை. குழந்தை படியேறியதும் கூடை காலடிக்கு இறங்கும், முந்தானை மடியில் விரியும், இரண்டு கையும் நீளும்.

“கொளந்தைய இப்படிக் குடு அம்மணி.”

கேட்கிற குரல் இல்லை அது; வாங்குகிற குரல். இவருக்கு மடிக்காரம்மா என்று பெயர் வைத்துக்கொள்வோம். எழுந்து இடம் கொடுக்கிறவர்கள் வேறு இனம். அவர்கள் நல்லவர்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு தியாகி முகத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர்கள், அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மடிக்காரம்மா எழமாட்டார். எழுந்தால் மடி ஏது?

வண்டி பேருந்து நிலையத்தை விட்டுத் திரும்புவதற்குள் குழந்தை கை மாறிவிடும். அடுத்து, “அந்தப் பையும் குடு.” அடுத்து, பால்புட்டி இருக்கிற பிளாஸ்டிக் கூடை. தாயிடம் மிஞ்சுவது கைப்பையும் கணவனும்தான். கணவனை யாரும் வாங்கிக்கொள்வதில்லை. அவன் பின்படிக்குப் பக்கத்தில் நின்று, தன் குழந்தை யாரோ ஒருவர் மடியில் சிரிப்பதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மடி இலவசம். விசாரணை உண்டு. எந்தூரு, யாரு தோட்டம், அப்பாரு பேரென்ன, அமுச்சி இருக்காங்களா, சொகப்பெரசவமா ஆப்ரேசனா, பொறந்தப்ப எத்தன கிலோ, மொட்டை எடுத்தாச்சா, காது குத்தியாச்சா, தாய்மாமன் என்ன போட்டான். இந்தக் கடைசிக் கேள்விக்குச் சற்று நேரம் அதிகம் ஒதுக்கப்படும். பதில்களை வைத்து மடிக்காரம்மா ஒரு வரைபடம் போடுவார்: “அப்பப் புளியம்பட்டில எங்க சின்ன மச்சாண்டாரு பொண்ணெடுத்த வூட்டுக்குப் பக்கத்து வூடு.” கொங்குச் சீமையில் இரண்டு பெண்கள் பத்து நிமிடம் பழமை பேசினால் ஒறம்பரை ஆகிவிடுவார்கள். ஆகவில்லை என்றால் சாதி வேறு என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது என்று பொருள்; அந்த இடத்தில் பேச்சு சட்டென்று குழந்தையின் பல்லுக்குத் திரும்பும். பல் எல்லோருக்கும் பொது.

நடத்துநர் வருவார். மடிக்காரம்மாவுக்கு இங்கே ஒரு பழைய துக்கம். அரசுப் பேருந்தில் முன்பு மூன்று வயது வரைதான் டிக்கெட் இல்லை. அந்தக் காலத்தில் அவர் எத்தனை பேருடைய பிள்ளைகளை மூன்று வயதிலேயே நிறுத்தி வைத்திருந்தார்! யுகேஜி புத்தகப் பையை முந்தானையால் மூடிக்கொண்டு, “இன்னும் ரெண்டு முடியலீங்க தம்பி, ஆளுதான் வளத்தி” என்று சொன்னவர். பையன் குறுக்கே புகுந்து ஒன்று முதல் இருபது வரை ஒப்பித்துக் காட்டிக் குடியைக் கெடுத்ததும் உண்டு. 2022-இல் அரசு அந்த வரம்பை ஐந்து வயதாக உயர்த்தியது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கலைக்கு மேடை போய்விட்டது. இப்போது ஆறு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டும் நடத்துநரைப் பார்த்து, “இதுக்கு டிக்கெட் இல்லீங்கல்லோ?” என்று கேட்டுவைப்பார், பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று.

பண்ணாரியில் வண்டி நிற்கும். உட்கார்ந்தபடியே மாரியம்மனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பண்ணாரியில் திருநீறு கிடையாது, புற்றுமண்தான் பிரசாதம். மடிக்காரம்மாவின் சுருக்குப்பையில் அது எந்நாளும் ஒரு பொட்டலம் இருக்கும். பங்குனியில் குண்டம் நோம்பிக்குப் போனபோது வாங்கியது. குழந்தையின் நெற்றியில் ஒரு கோடு. ஏற்கெனவே கன்னத்தில் இருக்கிற கறுப்புப் பொட்டு போதாதென்று உள்ளங்காலில் இன்னொரு மைப்பொட்டு. “மேல ஆகாத காத்து அடிக்கும்” என்று காரணம் சொல்லப்படும். தாய் தலையாட்டுவாள். குழந்தை அவர் மடியில் இருக்கிறது, வேறென்ன செய்ய முடியும்.

சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் 27, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. உச்சியில் திம்பம், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். முதல் வளைவிலேயே மடிக்காரம்மா ஓட்டுநரைத் தன் நிர்வாகத்துக்குக் கீழ் கொண்டுவந்துவிடுவார். “டிரைவரு தம்பி, கொளந்த இருக்குதுங்க, சித்தெ பாத்து.” ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். எதிரே கீழிறங்குகிற லாரிக்கு வழிவிட்டு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று அவர் பாடு அவருக்கு. ஆனாலும் அடுத்த வளைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் திருப்புவார். இது நானே பார்த்தது.

மருத்துவப் பகுதி இங்கே தொடங்கும். மடிக்காரம்மாவின் வைத்தியத்தில் பாதி தவறு, பாதி சரி. எது எந்தப் பாதி என்பது அவருக்குத் தெரியாது, அந்தக் கவலையும் கிடையாது. குழந்தையின் காதில் பஞ்சு வைப்பார். அதனால் ஒரு பயனும் இல்லை. அதே மூச்சில், “ஏறறப்பப் பால் குடு அம்மணி, காது அடைக்காது” என்பார். இது நூற்றுக்கு நூறு சரி. விழுங்கும்போதுதான் தொண்டைக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. விமானத்தில் குழந்தையோடு போகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற யோசனையும் இதுதான். குழந்தையின் மணிக்கட்டில் வசம்பு வளையல் இல்லாவிட்டால் தாய்க்கு ஒரு வசவு. உரைமருந்து கொடுத்தியா என்று கேட்டு, டாக்டர் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொன்னார் என்று பதில் வந்தால், “டாக்டரு எத்தன பெத்தாரு?” என்பார். டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் ஏழாவது வளைவில் கம்பியில் தொங்கிக்கொண்டு இந்த வழக்கை யார் வாதாடுவது?

பிறகு எலுமிச்சை. கூடையிலிருந்து எடுத்து நகத்தால் கீறி, குழந்தையின் மூக்குக்குக் காட்டுவார். குழந்தை அதைப் பிடித்துக் கடிக்கப் பார்க்கும். இரண்டு வயதுக்குள் குழந்தைகளுக்கு வண்டி மயக்கம் வருவது அபூர்வம். எலுமிச்சை தேவைப்படுகிற ஆள் பின்படியில் நிற்கிறான். மென்பொருள் வேலை, முகம் பச்சையாகிக்கொண்டிருக்கிறது. பதினோராவது வளைவில் அது மடிக்காரம்மா கண்ணில் பட்டுவிடும். பழம் கைமாறி கைமாறிப் பின்னால் போகும். பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் பையும்.

2015-இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான் குழந்தைக்குப் பசிக்கும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றியிருக்காது. மடிக்காரம்மாவுக்குத் தோன்றும். குழந்தை சிணுங்கியதும் ஜன்னலோரத்தில் கல்லூரிப் பையன் இருந்தால் எழுப்பிவிடுவார். தாய் அங்கே உட்காருவாள். தன் முந்தானையையும் ஒரு ஈரிழைத் துண்டையும் சேர்த்து ஒரு திரை. “ஏனுங்க, அக்கட்டாலத் திரும்பி உக்காருங்க.” மூன்று வரிசை ஆண்கள் ஒரே நேரத்தில் பள்ளத்தாக்கின் அழகை ரசிக்கத் தொடங்குவார்கள். பவானிசாகர் நீர்த்தேக்கம் தூரத்தில் வெள்ளையாகத் தெரியும். அந்தக் காட்சியை இத்தனை பேர் இவ்வளவு பக்தியோடு வேறு எப்போதும் பார்த்திருக்கமாட்டார்கள்.

வயிறு நிறைந்த குழந்தை ஊர் சுற்றக் கிளம்பும். மடிக்காரம்மா மடியிலிருந்து பக்கத்து மடிக்கு, அங்கிருந்து எதிர்வரிசைக்கு, ஓட்டுநருக்குப் பின்னால் சந்தைச் சாக்கோடு இருப்பவர் தோளுக்கு. பாதி வண்டி கன்னடம் பேசும். தாளவாடிப் பக்கம் அதுதான் வீட்டு மொழி. “மகுன இல்லி கொடி” என்று ஒரு குரல். குழந்தைக்கு இரு மாநில மொழியும் சமம். இரண்டுக்கும் எச்சில்தான் பதில். திரும்பி வரும்போது அதன் கையில் ஒரு பிஸ்கட், சட்டையில் செருகிய பத்து ரூபாய், காதில் ஒரு மல்லிகைச் சரம் இருக்கும். சத்தி பூ மார்க்கெட்டில் மிஞ்சியதை யாரோ வைத்துவிட்டிருப்பார்கள். ஆண் குழந்தையாக இருந்தாலும் பூ உண்டு.

எங்கேயோ ஒரு வளைவில் வண்டி நின்றுவிடும். இந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேலே திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருக்கும். 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் வண்டிகளுக்குத் தடை. அதனால் எல்லோரும் பகலிலேயே வந்து நிற்கிறோம். இறங்கக் கூடாது. 2013-இலிருந்து இது புலிகள் காப்பகம், 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். புலியை விடுங்கள், கரும்பு லாரியை எதிர்பார்த்து யானை சாலையோரம் நிற்கிற ஊர் இது. இறங்கக் கூடாது என்று தெரிந்தும் ஆண்கள் இறங்கி லாரிக்காரருக்கு யோசனை சொல்லப் போவார்கள்.

மடிக்காரம்மா இறங்குவதற்குக் காரணம் வேறு. பேருந்துக்குப் பின்னால் நிற்கிற காரில் ஒரு குழந்தை அழுகிறது. கோவையிலிருந்து ஆசனூர் ரிசார்ட்டுக்குப் போகிற இளஞ்சோடி. பின் இருக்கையில் பெரிய பிளாஸ்டிக் ஆசனம், அதில் ஐந்து முனைப் பட்டையில் குழந்தை. கண்ணாடியில் தட்டு விழும்.

“ஏனுங்க தம்பி, பாவம், அதைய ஏன் கட்டிப்போட்டு வெச்சிருக்கறீங்க?”

அவன் பாதுகாப்பைப் பற்றி விளக்குவான். விளக்கம் சரியானதும்கூட. ஓடுகிற வண்டியில் அந்தப் பட்டைதான் குழந்தையைக் காப்பாற்றும். மடிக்காரம்மாவின் மடிக்கு எந்தத் தரச்சான்றும் கிடையாது. ஆனால் வண்டி ஓடவில்லையே. அரை மணியாக நிற்கிறது. பட்டை அவிழும். குழந்தை அவர் தோளுக்கு வந்து இரண்டு தட்டு, ஒரு ஏப்பம், அமைதி.

அவமானத்தைச் சமாளிக்க அவன் சொல்வான், “நாங்க இத்தாலியில அமால்ஃபியே கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டோம்ங்க.” அமால்ஃபி சாதாரணச் சாலை இல்லை. கடலுக்கு மேலே செங்குத்துப் பாறையில் செதுக்கியது, இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். நெரிசல் தாங்காமல் 2022 கோடையில் ஒற்றைப்படை எண் கார்களுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு ஒரு நாள் என்று முறைவைத்தார்கள். பொசிட்டானோ என்ற ஊரில் தள்ளுவண்டியைத் தள்ள வழியில்லை, ஊரே படிக்கட்டு. இதையெல்லாம் அவன் சொல்லி முடிக்கும்வரை மடிக்காரம்மா பொறுமையாகக் கேட்பார்.

“செரி. அங்க யாரு வாங்கி வெச்சுக்கிட்டாங்க கொளந்தைய?”

“யாருமில்லீங்க. நெஞ்சோட கட்டிக்கிற பை இருக்குது.” அவன் மனைவி குறுக்கிட்டு, “தங்கியிருந்த வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்கல்ல? காலைல நம்ம காப்பி குடிக்கறப்பக் கேக்காமயே தூக்கிட்டுப் போயிருவாங்க” என்பாள்.

“அப்ப நல்ல ஊருதான்” என்று மடிக்காரம்மா இத்தாலிக்குச் சான்றிதழ் வழங்குவார். கடலையும் பாறையையும் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

காத்திருக்கிற நேரத்தில் சொந்தக் கதை. “என்ற சின்னவன் ராசுகுமாரப் புடிச்சிட்டுப் போன வருசம் பொறந்தானுங்க.” தாளவாடிப் பக்கத்தில் தேதி கணக்கு இப்படித்தான். 2000 ஜூலை 30-இல் தொட்டகாஜனூர்ப் பண்ணைவீட்டிலிருந்து கன்னட நடிகரை வீரப்பன் கொண்டுபோனது, 108 நாள் காட்டில் வைத்திருந்தது எல்லாம் உலகத்துக்குச் செய்தி. இவருக்குக் கைக்குழந்தையும் வாசலில் போலீசும். “தெனமும் வருவாங்க. துப்பாக்கிய எறக்கி வெச்சுட்டு வாங்க, கொளந்த தூங்குதும்பேன்.” வைத்தார்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒருவனாவது அந்த மடியில் தன் துப்பாக்கியையும் வைத்துக்கொள்ளக் கொடுத்திருப்பான் என்று எனக்கொரு சந்தேகம்.

லாரி நகரும், விசில் ஊதப்படும். காரின் குழந்தை பட்டைக்குத் திரும்பும், மடிக்காரம்மா தன் சொந்தக் குழந்தைக்கு, அதாவது பேருந்தில் விட்டுவந்த பிறத்தியார் குழந்தைக்குத் திரும்புவார். திம்பம் வந்ததும் குளிர்காற்று. கூடையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பி வெளிவரும். அது யாருக்காகப் பின்னியது, எத்தனை தலை கண்டது, தெரியாது.

தாய் எங்கே? கடைசி வரிசையில் ஓர் இடம் கிடைத்து, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு பகலில் அவள் தூங்கியது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். கணவன் பக்கத்தில் எலுமிச்சைப் பழத்தோடு.

ஆசனூரில் மடிக்காரம்மா இறங்க வேண்டும். ஒயர்கூடை மேலே வரும், முந்தானை இடுப்பில் செருகப்படும். குழந்தையைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று நினைப்போம். இல்லை. அடுத்த இருக்கையில் இருக்கிற தாளவாடி அம்மாவின் மடியில் பொறுப்பு ஒப்படைக்கப்படும், தொப்பி, வசம்பு, பத்து ரூபாய் எல்லாம் கணக்குச் சொல்லி.

“பெத்தவ அங்க தூங்கறாளுங்க. எறங்கறப்ப எழுப்பிக் குடுத்துருங்க. மறந்துட்டு நீங்க பாட்டுக்கு வூட்டுக்குக் கொண்டுட்டுப் போயிராதீங்க.”