சின்ன காஞ்சிபுரத்துக் கூண்டுக்கிளிகளின் நிறப்பிறழ்வுகள்: ஊடும் பாவுமாக ஓர் ஆய்வு

நோக்கம், எல்லை, அணுகுமுறை ஆகியவற்றை முதலில் வரையறுத்துக்கொள்வது ஆய்வு மரபு. நோக்கம்: வரதராஜப் பெருமாள் கோயில் மாட வீதிகளை ஒட்டிய வீடுகளில், தறிக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே தொங்கும் கூண்டுகளில் இருக்கும் பறவைகள் என்ன நிறம் என்று கண்டறிதல். எல்லை: ஜன்னல் திறந்திருக்கும் வீடுகள். அணுகுமுறை: எட்டிப் பார்த்தல்.

பறவையின் பெயர் பட்ஜரிகர். விற்பவரும் வாங்குபவரும் லவ் பேர்ட்ஸ் என்பார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதற்கு வேறொருவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொள்ளட்டும். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் இந்தக் குட்டிக் கிளிக்கு 1805இல் ஜார்ஜ் ஷா லத்தீன் பெயர் சூட்டினார். 1840இல் ஜான் கூல்டு அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது தினை தின்று, கடல்நுரை கொறித்து, சின்ன காஞ்சிபுரம் வந்து சேர்ந்த வரலாறு இருண்ட காலம். களப்பிரருக்கு அடுத்தபடியாக நம் ஆய்வாளர்கள் நிம்மதியாகக் கைவைக்கக்கூடிய இருட்டு இதுதான்.

இனி வகைப்பாடு.

பச்சை: இயற்கை நிறம். ஆகவே ஆய்வுக்கு உகந்ததன்று.

நீலம்: 1880ஐ ஒட்டிப் பெல்ஜியத்தில் தலைகாட்டியது. இதன் காரணத்தை 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் மரபணுவரை போய்த் துழாவிக் கண்டுபிடித்தார்கள். இறகிழைக்குள் இருக்கும் நுண்துளை அமைப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அடியில் இருக்கும் மெலனின் மற்ற ஒளியை விழுங்கிவிடுகிறது. மேலே சிட்டாக்கோஃபல்வின் என்ற மஞ்சள் நிறமி. நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. மஞ்சளைத் தயாரிக்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டால் மஞ்சள் கிடையாது, நீலம் மட்டும் நிற்கும். இதை நான் எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நாடாவை நிறுத்தாமலே, "பாவு நீலம், ஊடை மஞ்சள்னா தள்ளி நின்னு பாக்க பச்சையாத்தான் சார் தெரியும். மஞ்சளை உருவிட்டா நீலம்தானே நிக்கும்? இதுக்கா இத்தனை பேரு?" என்றார் (காண்க: எதிர்வீட்டுத் தறிக்காரர், வாய்மொழி, காலைப் பதிப்பு).

கருமைக் காரணி: 1915இல் பிரான்சில் தோன்றியது. நீலப் பறவையில் இது ஒன்று சேர்ந்தால் கோபால்ட், இரண்டு சேர்ந்தால் மாவ் என்னும் மழைமேகச் சாம்பல். இங்கேதான் அறிஞர் உலகம் அடித்துக்கொள்கிறது. கூண்டுக்கு முன்னால் நின்று "அழகான நீலம்" என்று சொல்லிப் பாருங்கள். "நீலம் இல்லை, சிங்கிள் ஃபேக்டர்" என்று திருத்த ஒருவர் எங்கிருந்தோ வந்துவிடுவார். பட்டுக்கடையில் இந்தத் தொல்லை இல்லை. வெளிர் நீலம் ஆனந்தா புளூ, அடர் நீலம் எம்.எஸ். புளூ, புடவை விரிந்தாகிவிட்டது, அடுத்ததை எடுக்கலாம். ஆனால் கோபால்ட் பறவையை எம்.எஸ். புளூ என்று அழைக்கலாமா என்பதில் இரு தரப்பு உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தது மதுரை; நீலத்தைக் கொடுத்தது காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார். பறவை எந்த ஊர்க் கணக்கில் சேரும் என்பது தீராத நிலையில் (காண்க: மேலது, ஊடை தீர்ந்த இடைவேளை, வெற்றிலை போட்டபின் வெளிவந்த திருத்திய பதிப்போடு ஒப்புநோக்குக) மேலே செல்கிறோம்.

ஊதா: உண்டு.

ஐனோ: இந்த ஆய்வின் உயிர்நாடி இதுதான். மெலனின் அடியோடு அற்றுப்போனால் பச்சைப் பறவை மஞ்சளாகும், அது லூட்டினோ. நீலப் பறவை வெள்ளையாகும், அது ஆல்பினோ. இரண்டுக்கும் கண் சிவப்பு. மஞ்சளும் வெள்ளையும் ஜோடியாக! காஞ்சிக்காரருக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா? நம் வரதர் கோயில் கூரையில் பொன் பல்லியும் வெள்ளிப் பல்லியும் ஊர்ந்துகொண்டிருப்பதன் பொருள் விளங்குகிறதல்லவா? மேலைநாட்டார் லூட்டினோவைக் கனவிலும் காணாத காலத்திலேயே தமிழன் ஐனோ மரபணுவை விதானத்தில் பதித்துவிட்டான் என்பதில் ஐயமில்லை. ஐயம் இருப்பவர்கள் கருத்தரங்குக்கு வர வேண்டாம்.

மேலும் நுணுகுவோம். தலபுராணப்படி இவ்விரு பல்லிகளும் ஹேமன், சுக்லன் என்ற சகோதரர்கள். கௌதம முனிவரின் சீடர்கள். தீர்த்தத்தில் பல்லி கிடந்ததைக் கவனிக்காமல் கொண்டுவந்து சாபம் பெற்றவர்கள். ஐனோ பால்சார்ந்த ஒடுங்கு பண்பு. பெண் பறவைக்கு ஒரு பிரதி போதும். ஆணுக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு வேண்டும். இரு மகன்களும் ஐனோ என்றால் அவர்களின் தாயார் ஐயத்துக்கிடமின்றிச் சிவந்த கண் உடையவர். தந்தை பார்வைக்குப் பச்சையாகவே இருந்திருக்கலாம், உள்ளுக்குள் ஸ்பிளிட். ஒருவன் வெள்ளி ஆனதால் தாய் தந்தை இருவரிடமும் நீலம் ஒளிந்திருந்தது. ஒரு முனிவர் குடும்பத்தின் மரபணு வரைபடம் இவ்வளவு துல்லியமாக இதற்கு முன் வரையப்பட்டதில்லை (காண்க: மேலது, மேலதன் மைத்துனர், மொட்டை மாடி உரையாடல், வடாம் காவல் தொகுதி, இவற்றின்மேல் காக்கை விரட்டியபடி மாமியார் சொன்ன மறுப்புரை, அம்மறுப்புக்கு மைத்துனர் தாழ்ந்த குரலில் எழுதாமல் விட்ட பதில்). பல்லிக்கும் பறவைக்கும் மரபு விதி ஒன்றா என்று கேட்பவர்களிடம் ஆய்வு மனப்பான்மை இல்லை.

ஸ்பிளிட் என்ற அந்தச் சங்கதியால் ஒரு குடும்ப மானமும் காப்பாற்றப்பட்டது. இரண்டு பச்சைகளைச் சேர்த்து வைத்த பானையிலிருந்து ஒரு நீலக் குஞ்சு வெளியே வந்தது. தெரு முழுக்கப் பக்கத்துக் கூண்டு நீல ஆணைப் பற்றியே பேச்சு. நடுவில் கம்பி இருக்கிறது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நீலம் ஒடுங்கு பண்பு. பெற்றோர் இருவரும் பச்சைக்குள் அதை மறைத்து வைத்திருந்தால் நாலில் ஒரு குஞ்சு நீலமாக வர வாய்ப்புண்டு என்று விளக்கினேன். "மறைச்சு வெச்சிருந்தாங்களா?" என்று அதிலேயே அடுத்த வதந்தி தொடங்கியது.

ஸ்பேங்கிள், ஓப்பலைன், பைட் எனப் பட்டியல் இன்னும் நீளும். ஆல்பினோவாக இருந்தால் இவற்றில் எது உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது. அதையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் நிபுணர்கள் உண்டு. அவர்களை வணங்கி விடைபெறுகிறோம். பட்ஜி புற ஊதா ஒளியையும் காணும். அதன் உச்சந்தலை மஞ்சள் அந்த ஒளிபட்டு ஒளிர்வது 2002இல் ஆய்விதழிலேயே வந்துவிட்டது. நம் வகைப்பாட்டைப் பறவையின் மதிப்பீட்டுக்கு அனுப்பினால், பாதி நிறத்தைக் காணோம் என்று திருப்பி அனுப்பும்.

கடைசியாக வயது. குஞ்சின் நெற்றியில் மூக்குவரை குறுக்குக் கோடுகள் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகுதிர்வோடு நெற்றி வெறிச்சென்று ஆகிவிடும். குறுக்கே பட்டையாகக் கோடு என்றால் திருநீறு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். ஆக, பறவை பெரிய காஞ்சிபுரத்துச் சைவராகப் பிறந்து, பருவம் வந்ததும் பட்டையை அழித்துவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்தில் குடியேறுகிறது. நாமம் மட்டும் இன்னும் முளைத்தபாடில்லை. யானை நெற்றிக்கு எந்த நாமம் என்று வழக்காடிய ஊர் என்பது அதற்கும் தெரிந்திருக்கலாம்.